கல்லீரலுக்கு டயாலிசிஸ் உண்டா? 'மெஷின் வெச்சுப் பார்க்கலாம்' என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம்?

கிட்னி பழுதானால் டயாலிசிஸ். இது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நம் தெருவிலேயே யாராவது ஒருவர் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை ஆட்டோ பிடித்துப் போய், நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வருவார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து டீயும் குடிப்பார். வருடக்கணக்கில் அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான், வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் செயலிழந்துவிட்டது என்று ஐ.சி.யூ-வில் சொல்லும்போது, வெளியே நிற்கும் குடும்பத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "கிட்னிக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் ஏதாவது மெஷின் இருக்கா டாக்டர்?"

இருக்கிறது. ஆனால், அந்த 'இருக்கிறது' கொஞ்சம் சிக்கலானது. 'பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் செய்து பார்க்கலாம்', 'மார்ஸ் என்று ஒரு மெஷின் உண்டு', 'எதற்கும் டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பதிவு செய்துவிடுங்கள்' என மூன்று விஷயங்கள் ஐந்தே நிமிடங்களில் நம் தலையில் இறங்கும். கையில் ஒரு படிவமும் வந்துவிடும். அந்த நேரத்தில் கூகுளில் தேடினால், ஒரு பக்கம் 'செயற்கைக் கல்லீரல் வந்தாச்சு' என்று இருக்கும். இன்னொரு பக்கம் புரியாத ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும். இந்த மெஷின்கள் என்ன செய்யும், எது அவற்றால் முடியாது என்பதை, பதற்றமில்லாத ஒரு நேரத்தில் தெரிந்துகொண்டுவிடுவோமே.

'ஈரக்குலையே நடுங்கிப்போச்சு!'

பெரிய பயம் வந்தால் நம் பாட்டிகள் இதயத்தைச் சொல்ல மாட்டார்கள். 'ஈரக்குலை நடுங்குது' என்பார்கள். உடலுக்குள் இருக்கும் உறுப்புகளிலேயே பெரியது கல்லீரல்தான். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை. இதயம் ஒவ்வொரு நிமிடமும் பம்ப் செய்யும் ரத்தத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு இதன் வழியாகப் போகிறது.

கிட்னியின் வேலையைப் பெரும்பாலும் 'வடிகட்டுவது' என்று சொல்லிவிடலாம். கல்லீரலை அப்படி ஒரு சொல்லில் அடக்க முடியாது. குடலிலிருந்து வரும் அமோனியாவை யூரியாவாக மாற்றி, சிறுநீரில் வெளியேறும்படி செய்வது கல்லீரல். காயம் பட்டால் ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பதும் கல்லீரல்தான். சாப்பிட்ட சர்க்கரையைச் சேமித்து வைத்து, பசிக்கும் நேரத்தில் ரத்தத்தில் விடுவது, பித்தநீர் சுரப்பது, மருந்துகளைச் சிதைப்பது, கிருமிகளைப் பிடிப்பது எனப் பட்டியல் நீளும். ஒரே கட்டடத்தில் தொழிற்சாலை, கிடங்கு, கழிவுநீர் நிலையம் மூன்றும் இருப்பதுபோல.

கிட்னிக்கு மாற்றாக ஒரு மெஷின் செய்ய வேண்டுமானால் நல்ல சல்லடை ஒன்று வேண்டும். நெதர்லாந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943-ல், சாசேஜ் சுற்றப் பயன்படும் செலோஃபேன் உறையை வைத்தே அந்தச் சல்லடையைச் செய்துவிட்டார். 1945-ல் அந்த மெஷினால் ஒரு பெண் உயிர் பிழைத்தார். கல்லீரலுக்கு மாற்று வேண்டுமென்றால் தொழிற்சாலையையே கட்ட வேண்டும். அதை இதுவரை யாராலும் முழுமையாகக் கட்ட முடியவில்லை.

சாதாரண டயாலிசிஸ் ஏன் போதாது?

கல்லீரல் செயலிழக்கும்போது ரத்தத்தில் சேரும் கழிவுகளில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும். அதை டயாலிசிஸ் மெஷினே எடுத்துவிடும். அமோனியா அப்படிப்பட்டதுதான். அதனால்தான் கிட்னி நன்றாக இருந்தாலும்கூட, கல்லீரல் நோயாளிகள் சிலருக்கு ஐ.சி.யூ-வில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

பிரச்னை மீதியில் இருக்கிறது. கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கும் பிலிருபின், பித்த அமிலங்கள் போன்றவை தண்ணீரில் எளிதில் கரையாது. அவை ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சுற்றும். பஸ்ஸில் ஏறிய பயணிகள் மாதிரி. டயாலிசிஸ் சல்லடையின் துளையோ சிறியது. ஆல்புமின் என்ற பஸ் பெரியது. பஸ் நுழையாது என்பதால் பயணிகளும் வெளியேற மாட்டார்கள்.

இதற்கு ஜெர்மனியின் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் ஸ்டாங்கே, ஸ்டெஃபன் மிட்ஸ்னர் ஆகியோர் 1990-களில் ஒரு சாமர்த்தியமான வழியைக் கண்டுபிடித்தார்கள். சல்லடையின் ஒரு பக்கம் நோயாளியின் ரத்தம் ஓடும். மறுபக்கம் சுத்தமான ஆல்புமின் கரைசல் ஓடும். பஸ் நுழைய முடியாவிட்டால் என்ன, பயணிகள் இறங்கி மறுபக்கம் காத்திருக்கும் காலி பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாமே! அப்படிக் கழிவுகளை வாங்கிக்கொண்ட ஆல்புமின், கரித்தூள் நிரப்பிய குழாய் ஒன்று, ரெசின் நிரப்பிய குழாய் ஒன்று, கூடவே ஒரு சாதாரண டயாலிசிஸ் வடிகட்டி ஆகியவற்றின் வழியாகப் போய், சுத்தமாகித் திரும்ப வரும். இதுதான் 'மார்ஸ்'. ஒரு சுற்று என்பது பொதுவாக 6 முதல் 8 மணி நேரம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மெஷினுக்கு 'புரொமிதியஸ்' என்று பெயர். கிரேக்கக் கதை ஒன்றில் வருபவன் புரொமிதியஸ். தினமும் ஒரு கழுகு வந்து அவன் கல்லீரலைத் தின்னும். அது திரும்ப வளரும். மறுநாள் கழுகு மறுபடி வரும். மெஷினுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது. கல்லீரல் உண்மையிலேயே திரும்ப வளரும் உறுப்பு. இந்த மெஷின்களின் மொத்த நம்பிக்கையும் அந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது.

இரண்டு விதமான 'லிவர் ஃபெயிலியர்'

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மெஷினின் அர்த்தமே மாறிவிடும்.

முதல் வகை, நேற்றுவரை நன்றாக இருந்த கல்லீரல் சில நாள்களில், சில வாரங்களில் திடீரெனச் செயலிழப்பது. ஹெபடைட்டிஸ் ஏ, இ போன்ற வைரஸ்கள், காசநோய்க்கான சில மருந்துகள், அளவுக்கு மீறிய பாராசிட்டமால், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத சில மூலிகைப் பொடிகள், விஷம் ஆகியவை காரணமாகலாம். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைட்டிஸ் இ வந்தால் ஆபத்து அதிகம். இந்த வகையில், அடிபட்ட கல்லீரல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அதற்குச் சில நாள்கள் தேவை. அந்த நாள்களுக்குள் மூளை வீங்கியோ, கிருமித்தொற்று வந்தோ உயிர் போய்விடக் கூடாது. அந்த அவகாசத்தைத்தான் மெஷின் வாங்கித் தரப் பார்க்கிறது.

இரண்டாவது வகை, குடியாலோ, ஹெபடைட்டிஸ் பி, சி-யாலோ, கொழுப்புக் கல்லீரலாலோ பல வருடங்களாகச் சுருங்கித் தழும்பேறிய கல்லீரல், ஒரு தொற்றோ ரத்தக்கசிவோ வந்ததும் சட்டென்று விழுவது. 'சிரோசிஸ்' என்று ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இங்கே கல்லீரல் திரும்ப வளர நல்ல திசு மிச்சம் இருப்பதில்லை. ஒரு வாரம் அவகாசம் கிடைத்தாலும், அந்த ஒரு வாரத்தின் முடிவில் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும். நோயாளி சீராகலாம், ஆனால் பெரும்பாலும் மாற்றுக் கல்லீரல்தான் நிரந்தர வழி.

முன்னது மழையில் நனைந்து ஆஃப் ஆன வண்டி. காயவைத்தால் ஸ்டார்ட் ஆகலாம். பின்னது இன்ஜினே தேய்ந்துபோன வண்டி. தள்ளிக்கொண்டு எவ்வளவு தூரம் போவது?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரி விளம்பரங்கள் கொஞ்சம் மௌனமாகிவிடும்.

செயற்கைக் கல்லீரல் கதையில் நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறி மாறி வந்திருக்கின்றன. 1970-களில் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ரத்தத்தைக் கரித்தூள் வழியாகச் செலுத்திச் சுத்தம் செய்து பார்த்தார்கள். ஆரம்ப முடிவுகள் நம்பிக்கை தந்தன. பிறகு 137 நோயாளிகளை வைத்து முறையாக ஒப்பிட்டுப் பார்த்து, 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். கரித்தூள் சிகிச்சையால் கூடுதலாக உயிர்கள் பிழைக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனிப்பு மேம்பட்டதுதான் பலரைக் காப்பாற்றியிருந்தது.

மார்ஸ் மெஷினுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். சிரோசிஸ் நோயாளிகள் திடீரென மோசமானபோது இந்த மெஷின் உதவுமா என ஐரோப்பாவின் 19 மருத்துவ மையங்களில் 189 பேரிடம் ஆராய்ந்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. 28 நாள்களுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், மார்ஸ் வைத்தவர்களில் 60.7 சதவிகிதம், வைக்காதவர்களில் 58.9 சதவிகிதம். கிட்டத்தட்ட ஒன்றேதான். புரொமிதியஸ் மெஷினை 145 பேரிடம் சோதித்த ஆய்விலும், மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

திடீர் கல்லீரல் செயலிழப்புக்கு? பிரான்ஸில் 16 மையங்களில் 102 பேரிடம் நடந்த ஆய்வு அதே 2013-ல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின் மார்ஸ் வைத்தவர்களில் சுமார் 85 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வைக்காதவர்களில் சுமார் 75 சதவிகிதம் பேர். வித்தியாசம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால், இத்தனை குறைவான எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண் வேறொன்று. பட்டியலில் சேர்த்ததிலிருந்து மாற்றுக் கல்லீரல் கிடைக்க ஆன சராசரி நேரம் அங்கே சுமார் 16 மணி நேரம்! பலருக்கு மெஷின் தன் வேலையைக் காட்டுவதற்குள் புதுக் கல்லீரலே வந்துவிட்டது. நம் ஊரில் அந்த வேகத்தைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, மார்ஸ் மெஷினை 2005-ல் விஷம் மற்றும் மருந்து ஓவர்டோஸ் பாதிப்புக்கும், 2012-ல் நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளுக்கு வரும் மூளைக் குழப்பத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. மாற்று அறுவை சிகிச்சைவரை உயிரைத் தாங்கும் பாலம் என்று அந்த அனுமதியில் இல்லை.

பிலிருபின் இறங்கிவிட்டது. அப்படியென்றால் சரியாகிவிட்டதா?

ஐ.சி.யூ வாசலில் குடும்பங்கள் தினமும் பிடித்துத் தொங்குவது இரண்டு எண்களை: பிலிருபின், ஐ.என்.ஆர். முன்னது மஞ்சள் காமாலையின் அளவு. பின்னது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதன் அளவு. 'நேத்து 28, இன்னைக்கு 17' என்று யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் பத்துப் பேர் கைகூப்பும் எமோஜி போடுவார்கள்.

மெஷின் ஓடிய மறுநாள் பிலிருபின் இறங்கத்தான் செய்யும். அதை எடுப்பதற்குத்தானே மெஷினே வைத்தார்கள்! 19 மையங்களில் நடந்த அந்த ஐரோப்பிய ஆய்விலும் மார்ஸ் வைத்தவர்களுக்கு பிலிருபின் இறங்கியது. உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. பிளாஸ்மா மாற்றும்போது ஐ.என்.ஆரும் சரியாகும். காரணம், கொடையாளர் ஒருவரின் பிளாஸ்மாவில் உள்ள உறைபுரதங்கள் இப்போது நோயாளியின் உடலில் ஓடுகின்றன. அது அவருடைய கல்லீரல் செய்தது அல்ல.

அதனால், மெஷின் நிறுத்திய பிறகு அந்த எண்கள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். அப்படியே நின்றாலோ, தானாக இன்னும் இறங்கினாலோ கல்லீரல் விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம். இரண்டு நாளில் பழைய இடத்துக்கே திரும்பினால், எண்ணை இறக்கியது மெஷின் மட்டும்தான். நோயாளிக்கு நினைவு தெளிகிறதா, சிறுநீர் பிரிகிறதா, ரத்த அழுத்தத்துக்கான மருந்தைக் குறைக்க முடிகிறதா என்பதெல்லாம் பிலிருபினைவிட நம்பகமான சேதிகள்.

வேலூர் காட்டிய எளிய வழி

பெரிய மெஷின்கள் தடுமாறிய இடத்தில், பழைய முறை ஒன்று ஓரளவு நிமிர்ந்து நின்றிருக்கிறது. அதுதான் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச். ரத்தத்தை வெளியே எடுத்து, செல்களைப் பிரித்து, கழிவுகள் நிறைந்த மஞ்சள் நிற பிளாஸ்மாவை அப்படியே கொட்டிவிட்டு, கொடையாளர்களின் பிளாஸ்மாவை அதற்குப் பதில் ஏற்றுவது. பஸ்ஸிலிருந்து பயணிகளை இறக்குவானேன்? பஸ்ஸையே மாற்றிவிடுகிறார்கள். கழிவுகளோடு, உடலில் கொழுந்துவிட்டு எரியும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் சேர்ந்து வெளியேறும். புது உறைபுரதங்களும் கிடைக்கும்.

கோபன்ஹேகன், லண்டன், ஹெல்சிங்கி ஆகிய நகரங்களில் திடீர் கல்லீரல் செயலிழப்பு ஏற்பட்ட 182 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. மூன்று நாள்கள், நாளுக்கு 8 முதல் 12 லிட்டர்வரை பிளாஸ்மாவை மாற்றினார்கள். வீடு திரும்பும்வரை பிழைத்தவர்கள் 58.7 சதவிகிதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 47.8 சதவிகிதம். மாற்றுக் கல்லீரல் கிடைக்காதவர்களுக்குத்தான் இதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவர்களின் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்த ஆய்வுக்கு இடம் கிடைத்தது.

ஆனால், ஒரே நோயாளிக்கு நாளுக்கு 10 லிட்டர் பிளாஸ்மா என்றால் நம் ரத்த வங்கிகள் என்ன ஆகும்? வேலூர் சி.எம்.சி மருத்துவமனையின் கல்லீரல் சிகிச்சைப் பிரிவினர் இங்கேதான் மாற்றி யோசித்தார்கள். ஒரு சுற்றுக்கு நோயாளியின் பிளாஸ்மாவில் ஏறக்குறைய பாதியை மட்டும் மாற்றுவது, கூடவே குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுப்பது. கிடைத்த முடிவுகளைத் தொடர்ந்து மருத்துவ இதழ்களில் வெளியிட்டும் வருகிறார்கள். மார்ஸ் மெஷினுக்கான செலவோடு ஒப்பிட்டால் இது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடியது.

இதன் தேவை தமிழ்நாட்டில் அதிகம் என்பதற்கு ஒரு வருத்தமான காரணம் இருக்கிறது. எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிக்கொல்லி தமிழ்நாட்டில் கடும் கல்லீரல் பாதிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை இங்குள்ள கல்லீரல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வே சொல்கிறது. இதற்கு மாற்றுமருந்து கிடையாது. பாராசிட்டமால் ஓவர்டோஸுக்கு என்-அசிட்டைல் சிஸ்டீன் இருப்பதுபோல இதற்கு எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு இதற்குத் தடை விதித்திருக்கிறது. ஆனாலும், பழைய டியூப் ஏதாவது வீட்டுப் பரணில் கிடக்கலாம். டூத் பேஸ்ட் என்று நினைத்துப் பல் துலக்கிய சம்பவங்களும் செய்திகளில் வந்திருக்கின்றன. இன்றே தேடி அப்புறப்படுத்துங்கள்.

இந்த விஷத்தின் கொடூரமான குணம் அதன் அமைதி. முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி இருக்கும். பிறகு ஒன்றிரண்டு நாள்கள் எல்லாம் சரியானதுபோல் இருப்பார்கள். எழுந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசுவார்கள். 'நல்லாத்தானே இருக்கான், டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க' என்று குடும்பமே கேட்கும். அதற்குப் பிறகுதான் கல்லீரல் சரியத் தொடங்கும். பிளாஸ்மா மாற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டிய பொன்னான நேரம் அந்த அமைதியான இரண்டு நாள்கள்தான். தெரிந்தோ தெரியாமலோ வாயில் பட்டிருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் டாக்டர் சொல்லும்வரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

(மனதில் தாங்க முடியாத பாரம் இருந்தால், எந்த நேரத்திலும் 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேசலாம். இரண்டுமே இலவசம்.)

பன்றிக் கல்லீரலும் சீனத்து டாக்டரும்

கல்லீரலின் தொழிற்சாலை வேலையையும் ஒரு மெஷின் செய்ய வேண்டுமென்றால், உள்ளே உயிருள்ள செல்கள் வேண்டும். அதையும் முயன்றிருக்கிறார்கள். பன்றியின் கல்லீரல் செல்களை நிரப்பிய 'ஹெபட்அசிஸ்ட்' என்ற கருவியை 171 பேரிடம் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் கணக்கில் உறுதியான பலன் தெரியவில்லை. மனிதக் கல்லீரல் புற்றுநோய் செல்களிலிருந்து வளர்த்த செல்களைப் பயன்படுத்திய 'இலாட்' என்ற கருவி, 2018-ல் கடைசிக்கட்டச் சோதனையில் தோற்றதும் கைவிடப்பட்டது.

சீனாவில் நிலைமை வேறு. அங்கே ஹெபடைட்டிஸ் பி மிக அதிகம். ஹாங்ஜோ நகரைச் சேர்ந்த டாக்டர் லி லான்ஜுவான் 1980-களிலிருந்தே பிளாஸ்மா மாற்றுவதையும் வடிகட்டுவதையும் நோயாளிக்குத் தகுந்தபடி கலந்து செய்யும் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். இன்று அந்த நாட்டு மருத்துவமனைகளில் அது பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. 2020 ஜனவரியில் வூஹான் நகரை மூடச் சொன்ன நிபுணர்களில் ஒருவராக உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. கல்லீரல் மருத்துவர்களுக்கோ அதற்குப் பல வருடங்கள் முன்பே தெரியும்.

அடுத்து வந்திருப்பது ஒரு முழுக் கல்லீரலையே உடலுக்கு வெளியே வைத்து இணைப்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், 2023 டிசம்பரில், மரபணு திருத்தப்பட்ட பன்றியின் கல்லீரலை ஒரு பெட்டி போன்ற கருவியில் வைத்து, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் ரத்தத்தை அதன் வழியாக ஓடவிட்டார்கள். குடும்பத்தின் சம்மதத்துடன் நடந்த அந்தச் சோதனையில் கல்லீரல் 72 மணி நேரம் வேலை செய்தது. இதை உண்மையான நோயாளிகளிடம் சோதிக்க எஃப்.டி.ஏ 2025-ல் அனுமதி கொடுத்தது. பன்றிக் கல்லீரல் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை, சொந்தக் கல்லீரல் எழுந்திருக்கும்வரை சில நாள்கள் தாங்கினால் போதும் என்பதுதான் இதன் கணக்கு.

கையெழுத்துப் போடுவதற்கு முன்...

'மெஷின் வைக்கலாம்' என்று சொல்லும் டாக்டரிடம் சில கேள்விகள் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். முதலில், இது திடீர் செயலிழப்பா, பழைய சிரோசிஸ் மேல் வந்ததா? இந்த மெஷின் எதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். கல்லீரல் தானாகத் தேறும்வரையா, மாற்று அறுவை சிகிச்சைவரையா? இரண்டுக்கும் வாய்ப்பில்லை என்றால், எதற்காக வைக்கிறோம்? எத்தனை சுற்றுகள், எந்தக் கட்டத்தில் 'போதும்' என்று நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நகையை அடகு வைத்து ஐந்தாவது சுற்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்கும் மனநிலை யாருக்கும் இருக்காது.

இந்தச் சிகிச்சைகளுக்கு ஆபத்துகளும் உண்டு. கழுத்திலோ தொடையிலோ பெரிய குழாய் போடுவார்கள். அதன் வழியே தொற்று வரலாம். மெஷின் ஓடும்போது ரத்தத்தட்டுகள் குறையலாம், ரத்தக்கசிவு ஏற்படலாம். பிளாஸ்மா ஏற்றும்போது ஒவ்வாமையும், கால்சியம் குறைவதும் நடக்கலாம். பிளாஸ்மா தேவைப்படும் என்பதால் ரத்தம் கொடுக்க நண்பர்களையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மெஷின் ஓடுகிறதே என்று மாற்று அறுவை சிகிச்சைக்கான வேலைகளை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாட்டில் உறுப்பு மாற்றுக்கான அரசு அமைப்பான 'டிரான்ஸ்டான்' பட்டியலில், திடீர் கல்லீரல் செயலிழப்பு நோயாளிகளுக்கு அவசர முன்னுரிமை உண்டு. ஆனால், மருத்துவமனை பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அது நடக்கிறது.

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்காகக் காத்திருக்க நேரமில்லாதபோது, குடும்பத்தில் ஒருவர் தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுப்பவருக்குச் சில மாதங்களில் அது வளர்ந்துவிடும். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு முதன்முதலில் வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது 1998-ல், டெல்லியில். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை அது. கல்லீரல் கொடுத்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டராகியிருக்கிறார்.

கடைசியாக, ஐ.சி.யூ-வுக்கு முந்தைய கட்டம். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி, பத்தியம், 'அந்த ஊரில் ஒருத்தர் மருந்து கொடுப்பார்' என்று ஒரு வாரம் ஓடிவிடுவது நம் வீடுகளில் சகஜம். சாதாரண வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பதால் அந்த மருந்துகளுக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. ஆனால், காமாலை உள்ளவர் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தாலோ, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று ஆடினாலோ, பல் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, அது மூளைவரை எட்டிவிட்ட கல்லீரல் செயலிழப்பின் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே கிளம்புங்கள். முடிந்தால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போய்விடுங்கள். வழியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும், அதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரை, பொடி, லேகியத்தின் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.